ஆறுதல் சொன்னது மண் அல்ல!

"மனசு சரியில்லையா? ஒரு செடி நடுங்கள்." பத்திரிகைகளின் ஞாயிறு இணைப்பில் தொடங்கி, மருத்துவமனைச் சுவரில் ஒட்டிய சுவரொட்டி வரை இந்த அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. கணவரை இழந்தவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர், வேலை போனவர்... யாராக இருந்தாலும் கையில் ஒரு தொட்டியும் ஒரு பை உரமும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மண்ணைத் தொட்டால் துக்கம் கரையுமாம்.

ஆய்வும் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. நெதர்லாந்தில் 2011ல் வெளியான ஓர் ஆய்வில், தோட்டம் போடும் 30 பேருக்கு முதலில் மன அழுத்தம் தரும் ஒரு சின்னப் பரிட்சை வைத்தார்கள். பிறகு பாதிப்பேரை அரை மணி நேரம் தோட்ட வேலைக்கும், மீதிப்பேரைப் புத்தகம் படிக்கவும் அனுப்பினார்கள். தோட்ட வேலை செய்தவர்கள் உடலில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் கூடுதலாகக் குறைந்திருந்தது. நல்ல ஆய்வுதான். ஆனால் பரிட்சை எழுதிய எரிச்சலும், நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவரைப் புதைத்துவிட்டு வந்த வெறுமையும் ஒன்றா? அரை மணி நேரத்தில் தணிவது துக்கமே இல்லை, படபடப்பு.

துக்கத்தில் இருப்பவருக்குத் தோட்டம் உதவுகிறது என்றால், அங்கே உண்மையில் வேலை செய்வது எது? மண்ணா, அல்லது பக்கத்துப் பாத்திக்காரரா? நியூயார்க் நகரத்தின் கதையைப் பார்த்தால் பதில் தானாகவே வந்து விழும்.

1970களில் நியூயார்க் திவாலாகும் நிலையில் இருந்தது. வாடகை வராத கட்டடங்களை உரிமையாளர்கள் அப்படியே கைவிட்டார்கள். காப்பீட்டுப் பணத்துக்காகக் கொளுத்தியவர்களும் உண்டு. லோயர் ஈஸ்ட் சைடிலும் சவுத் பிராங்க்ஸிலும் தெருத் தெருவாகக் கட்டடங்கள் இடிந்து காலி மனைகளாயின. குப்பை, செங்கல், ஊசி, எலி. 1973ல் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்ணும் அவர் நண்பர்களும் "கிரீன் கெரில்லாஸ்" என்று பெயர் வைத்துக்கொண்டு, பூட்டிய வேலிகளுக்கு மேலே விதை உருண்டைகளை எறிந்தார்கள். பவரி தெருவும் ஹூஸ்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் ஒரு மனையைச் சுத்தம் செய்து தோட்டம் போட்டார்கள். அடுத்த வருஷம் நகராட்சி அதை மாதம் ஒரு டாலர் வாடகைக்குக் கொடுத்தது. 1978ல் "கிரீன்தம்ப்" என்ற திட்டமே வந்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த மனைகளில் மண் என்று சொல்லும்படி எதுவுமே கிடையாது! இடிந்த கட்டடத்தின் காரை, செங்கல் தூள், பழைய பெயிண்டில் இருந்த ஈயம். அதனால்தான் இன்றும் அங்கே பலகை அடித்து, தரைக்கு மேலே பாத்தி கட்டி, வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஆடம் பர்ப்பிள் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு மனிதர், சென்ட்ரல் பார்க்கில் வண்டி இழுக்கும் குதிரைகளின் சாணத்தைச் சைக்கிளில் அள்ளிவந்து எல்ட்ரிட்ஜ் தெருவில் வட்ட வட்டமாக ஒரு பெரிய தோட்டமே உண்டாக்கினார். ஆறுதல் தரும் மண் என்கிறார்களே, அந்த மண்ணையே மனிதர்கள்தான் சுமந்து வந்திருக்கிறார்கள்.

சரி, இந்தத் தோட்டங்களில் யார் இருந்தார்கள்? பெரும்பாலும் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குடும்பங்கள், கறுப்பின மக்கள், வாடகை குறைவு என்று குடியேறிய கலைஞர்கள். ஊரை விட்டு வந்த துக்கம் முதல் துக்கம். சவுத் பிராங்க்ஸில் "ரின்கோன் கிரியோயோ" என்ற தோட்டத்தில் தங்கள் ஊர்ப்பாணியில் சின்ன மரவீடு ஒன்றைக் கட்டி, பிளேனா பாட்டும் மேளமுமாக உட்கார்ந்துவிட்டார்கள். 1980களில் எய்ட்ஸ் வந்தது. ஈஸ்ட் வில்லேஜில் அது தொடாத தெரு இல்லை. இறந்தவரின் குடும்பம் உடலைக்கூட வாங்க வராத காலம் அது. நண்பர்களுக்கு இறந்தவர் பெயரைச் சொல்லி அழ ஓர் இடம் வேண்டும். கோயிலும் கல்லறையும் கொடுக்காத இடத்தைத் தோட்டம் கொடுத்தது. லிஸ் கிறிஸ்டியும் 1985ல் புற்றுநோயில் இறந்துபோனார். கூட வேலை செய்தவர்கள் அந்த மூலைத் தோட்டத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். இன்றும் அது அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

துக்கம் விசாரிக்கப் போகிறவர்களுக்கு இருக்கும் பெரிய கஷ்டம், என்ன பேசுவது என்பது. எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்க்க வேண்டும். பேசினாலும் தப்பு, பேசாவிட்டாலும் தப்பு. தோட்டத்தில் அந்தச் சங்கடம் இல்லை. இருவரும் குனிந்து களை பிடுங்குகிறார்கள். பார்வை தரையில் இருக்கிறது. வாயில் வந்தால் பேசலாம், வராவிட்டால் களைதான் இருக்கிறதே! பத்து நாள் வரமுடியாமல் போனவரின் தக்காளிக்குப் பக்கத்துக்காரர் தண்ணீர் விட்டிருப்பார். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்பதைவிட, "உங்கள் பாத்திக்கும் சேர்த்து விட்டுவிட்டேன்" என்பது எவ்வளவு பெரிய விஷயம்! பூண்டு இன்னொரு உதாரணம். அந்த ஊரில் பூண்டை அக்டோபர், நவம்பரில் ஊன்றினால் அடுத்த ஜூலையில்தான் தோண்ட முடியும். ஊன்றியவர் நடுவில் இறந்தாலும் பூண்டு வளர்ந்துகொண்டுதான் இருக்கும். அதைத் தோண்டி, காயவைத்து, அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். பால்கனித் தொட்டிக்கு அந்த ஆள் கிடையாது. தொட்டியும் உரமும் கொடுத்து அனுப்புகிறவர்கள் மறந்துபோவது இந்த ஆளைத்தான்.

அந்த ஆள் வர வேண்டுமானால் நிலம் வேண்டும். பூட்டாத கதவு வேண்டும். (கிரீன்தம்ப் விதிப்படி ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம் கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். அரசாங்க விதிகளில் அபூர்வமாகக் கிடைக்கும் நல்ல விதி.) நிலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும்தான் "செடி நடுங்கள்" ஆசாமிகள் காணாமல் போகிறார்கள்.

1999 ஜனவரியில் மேயர் ரூடி ஜூலியானி நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை மே மாதம் ஏலம் விடப்போவதாக அறிவித்தார். எதிர்த்தவர்களுக்கு அவர் சொன்ன பதில், இது சுதந்திரச் சந்தைப் பொருளாதாரம், கம்யூனிசத்தின் காலம் முடிந்துவிட்டது என்பது. தக்காளி போட்ட பாட்டிகள் கம்யூனிஸ்ட்டுகள் ஆன கதை இது! கடைசியில் ஏலத்துக்கு முந்தைய நாள், நடிகை பெட் மிட்லரின் அமைப்பும் "டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட்" அமைப்பும் சேர்ந்து சுமார் 42 லட்சம் டாலர் கொடுத்து அவற்றை வாங்கிக் காப்பாற்றின. நகரத்தின் ஏழைகள் தாங்களே சுத்தம் செய்த குப்பை மேட்டுக்கு நகரமே விலை வைத்தது, ஒரு நடிகை காசு கொடுத்தார்.

எல்லாத் தோட்டத்துக்கும் நடிகை கிடைப்பாரா? ஈஸ்ட் ஏழாவது தெருவில் "எஸ்பெரான்சா" தோட்டம் இருந்தது. அந்த ஸ்பானிஷ் சொல்லுக்கு நம்பிக்கை என்று பொருள். 1970களிலிருந்து ஒரு புவேர்ட்டோ ரிக்கக் குடும்பமும் அக்கம்பக்கத்தாரும் பார்த்துக்கொண்ட இடம். அதைக் காக்க, புவேர்ட்டோ ரிக்கோவின் கோக்கி தவளை உருவத்தில் பெரிய கூடாரம் கட்டி, குளிரில் ராப்பகலாக உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். 2000 பிப்ரவரி 15ஆம் தேதி புல்டோசர் வந்தது. மற்ற தோட்டங்களை இடிக்க நீதிமன்றம் தடை போட்டதும் அதே நாள்தான். எஸ்பெரான்சாவுக்கு அந்தத் தடையால் பயனில்லாமல் போயிற்று. அந்த இடத்தில் எழுந்த கட்டடத்துக்கு வைத்த பெயர் "ஈஸ்ட்வில் கார்டன்ஸ்". என்ன சொல்வது...

உடனே ஒரு கேள்வி வரும்: வீடு இல்லாதவனுக்கு வீடு வேண்டாமா? வேண்டும். ஆடம் பர்ப்பிள் தோட்டத்தை 1986ல் இடித்தபோது அங்கே கட்டியது உண்மையிலேயே வருமானம் குறைந்தவர்களுக்கான குடியிருப்பு. அங்கே வழக்கு அவ்வளவு சுலபம் இல்லை. ஆனால் ஏலத்தில் அதிக விலை கேட்பவனுக்குக் கொடுத்தால் எழுவது ஏழைக்கு வீடு என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எஸ்பெரான்சா இருந்த இடத்திலும் பெரும்பகுதி சந்தை வாடகைக்குத்தான் போனது. நகராட்சி கையில் வேறு காலி மனைகள் ஆயிரக்கணக்கில் கிடந்த நேரம் அது. ஏழையின் வீட்டை ஏழையின் தோட்டத்தோடு மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது பழைய தந்திரம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2001 செப்டம்பர் 11. இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. நகரமே துக்க வீடாயிற்று. அந்த இலையுதிர் காலத்தில் ஹாலந்திலிருந்து ஹான்ஸ் வான் வார்டன்பர்க் என்ற பூங்கிழங்கு வியாபாரி ஐந்து லட்சம் டாஃபடில் கிழங்குகளை இலவசமாக அனுப்பினார். தொண்டர்கள் பூங்காக்களிலும் தெருவோரங்களிலும் ஊன்றினார்கள். அடுத்த வசந்தத்தில் நகரம் மஞ்சளாகப் பூத்தது. 2007ல் டாஃபடிலே நகரத்தின் அதிகாரப்பூர்வப் பூவாயிற்று. நாடு முழுவதும் இப்படி உயிருள்ள நினைவிடங்கள் உண்டாக்க நாடாளுமன்றம் வனத்துறைக்குப் பணம் ஒதுக்கியது. எல்லாம் நல்லதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கிழங்கு ஊன்றியபோது மேயர் நாற்காலியில் இருந்தவர் யார்? அதே ஜூலியானி! மூன்று வருஷத்துக்குள், செடி நடுவது கம்யூனிசமாக இருந்து தேசத்தின் ஆறுதலாக மாறிவிட்டது. வித்தியாசம் என்ன? டாஃபடிலை ஊன்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அது நிலம் கேட்காது, சாவி கேட்காது, கூட்டம் போடாது.

2002ல் புதிய மேயர் ப்ளூம்பெர்க் காலத்தில் ஓர் ஒப்பந்தம் வந்து நூற்றுக்கணக்கான தோட்டங்கள் தப்பின. ஆனாலும் கிரீன்தம்ப் தோட்டக்காரர்கள் கையில் இருப்பது உரிமம்தான், உரிமை அல்ல. காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். "மண்ணைத் தொடுங்கள், மனசு ஆறும்" என்று சொல்லும் எந்த அரசாங்கமும், அந்த மண் அடுத்த பத்து வருஷம் அங்கேயே இருக்கும் என்று முதலில் எழுதிக் கொடுக்கட்டும். பிறகு அறிவுரை சொல்லட்டும்.

கோனி ஐலண்டில் கடற்கரை நடைபாதையை ஒட்டி ஒரு தோட்டம் இருந்தது. 2012 அக்டோபர் 29ல் சாண்டி புயல் வந்து கடல் நீர் உள்ளே புகுந்தது. உப்பு ஏறிய மண்ணில் ஒன்றும் முளைக்காது. கெட்டதை அள்ளிப் போட்டு, நல்ல மண் கொட்டி, பலகை அடித்து மறுபடி பாத்தி கட்ட வேண்டும். புயலில் வீட்டையும் சாமானையும் இழந்த வட்டாரத்து மனிதர்கள் அந்த வேலையை ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் செய்து முடித்தார்கள். தோட்டம் திரும்பி வந்தது. 2013 டிசம்பர் 28, விடியற்காலை, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம். புல்டோசர் வந்து எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போனது. 2016ல் அங்கே கச்சேரி அரங்கம் ஒன்று திறந்தார்கள். டிக்கெட் வாங்கினால் உள்ளே போகலாம்.