லிங்க் போட்டவருக்கும் பொறுப்பு உண்டு

“நான் எழுதவில்லை, லிங்க்கை மட்டும்தான் போட்டேன். எழுதியவரைக் கேளுங்கள், லிங்க்குக்கெல்லாம் குழுவில் தடை போட்டால் கருத்துரிமை என்னாவது?” இழிவான பதிவின் லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் போடுபவர்களின் வாதம் இதுதான்.

ஒன்று. ஒரு பெண்ணின் மார்ஃபிங் படம் இணையத்தில் எங்கோ யாரும் சீண்டாமல் கிடக்கிறது. அதன் லிங்க் அவளுடைய அலுவலகக் குழுவுக்கும் சொந்தக்காரர்கள் குழுவுக்கும் வந்த பிறகுதான் அவளால் வேலைக்குப் போக முடியவில்லை. அங்கே கொண்டுவந்து சேர்த்தது யார்?

இரண்டு. 2018இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய முகநூல் பதிவை நடிகர் எஸ்.வி.சேகர் பகிர்ந்தார். எழுதியவர் வேறொருவர். படிக்காமல் பகிர்ந்ததாகச் சொன்னார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். அப்படியும் அவர் மீது வழக்கு பதிவானது. 2023இல் அந்த வழக்கை ரத்து செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. 2024 பிப்ரவரியில் அவருக்கு ஒரு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

மூன்று. அப்படியானால் எல்லா லிங்க்கும் குற்றமா? இல்லை. லிங்க் கொடுத்தாலே பொறுப்பு என்றாகிவிடாது. கொடுத்தவர் அதை ஆமோதித்தாரா, அவதூறு என்று தெரிந்தே கொடுத்தாரா என்று பார்க்க வேண்டும் என்றது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், 2018இல், ஒரு ஹங்கேரி வழக்கில். குழு விதியும் அதைத்தான் கேட்க வேண்டும். புகார் செய்யவா லிங்க்? சைபர் கிரைம் போலீசுக்கு அனுப்புங்கள், அட்மினுக்குத் தனியாக அனுப்புங்கள். இருநூறு பேர் பார்க்கும் இடத்தில் அது எதற்கு?