லூஃபிக்குத் தப்பு அடித்தால் என்ன?



கலைவிழா வரும் நேரம் என்பதால் ஒரு விஷயம் பேசணும். 'வன் பீஸ்' கார்ட்டூன் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். 1999 முதல் ஜப்பான் தொலைக்காட்சியில் ஓடும் கடற்கொள்ளையர் சாகசத் தொடர் அது. 2023 ஓகஸ்டில் அதன் அலபஸ்டா கதையை யோகோஹாமாவில் பனித்தரையில் சறுக்கி ஆடும் நாடகமாகப் போட்டார்கள். லூஃபியாக ஆடியவர் ஷோமா ஊனோ. 2022, 2023 இரண்டு வருடமும் உலக சாம்பியன்.

அலபஸ்டா ஒரு பாலைவன நாடு. மழையில்லாமல் மணல் கொதிக்கும் கதை. அதைப் பனிக்கட்டி மேல் ஆடினார்கள்! கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சறுக்குவது அவர்கள் கைவந்த கலை. அதனால் கதையைத் தங்கள் கலைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

நம்ம தோட்டத்துப் பெரியவர்கள் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். அருச்சுனன் தபசில் ஒரு நெட்ட மரம்தான் கைலாயம். ஆடுகிறவர் பாடிக்கொண்டே அதில் ஏறுவார். பொன்னர் சங்கர் கொங்கு நாட்டுக் கதை. இங்கே தேயிலை மலைக்கு நடுவில் விடிய விடிய நடக்கும். கட்டிடமும் வேண்டாம், திரையும் வேண்டாம். வெட்டவெளியும் தப்பும் ஆட்டமும் போதும்.

இப்படி இருக்க, கலைவிழா என்றதும் நாம் என்ன செய்கிறோம்? சினிமாப் பாட்டு, வாடகை உடுப்பு. கொழுந்து பறிக்கும் அம்மாவின் சில நாள் சம்பளம் மூன்று நிமிட டான்சில் போய்விடுகிறது. தப்பைத் தொடப் பிள்ளை கூச்சப்படுகிறான். அந்தக் கூச்சம் பிறவியில் வந்ததில்லை, நம்மைப் பார்த்துப் படித்தது.

பிள்ளைகள் லூஃபி கதை போடணும் என்றால் "கார்ட்டூனா?" என்று விரட்டாதீர்கள். தப்படியிலும் கூத்து ஆட்டத்திலும் போடச் சொல்லுங்கள். கட்டியக்காரன் வந்து கதை சொல்லட்டும், சண்டைக்கு வேக அடி விழட்டும், கப்பலுக்கு நாலு கொழுந்துக் கூடை போதும்.

"கூத்து கோயில் காரியமாச்சே, டீச்சர்?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயம்தான். காமன் கூத்து நேர்த்தியும் விரதமும் உள்ளது. அதை அப்படியே மேடையில் ஏற்ற நானும் சொல்லமாட்டேன். கூத்து மாஸ்டரிடம் கேட்டு, அடியையும் ஆட்டத்தையும் மட்டும் எடுப்போம். லூஃபி கதை எந்த மதத்துக்கும் சொந்தமில்லை. எங்கள் முஸ்லிம் பிள்ளைகளும் வேதக்காரப் பிள்ளைகளும் சேர்ந்தே நடிக்கலாம்.

"சோதனை இருக்கே" என்பவர்களுக்கு: வசனம் எழுதுவதும் தமிழ்ப் பாடம்தான்.

தப்படிக்கத் தெரிந்த தாத்தாமார் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். பிள்ளைக்குப் பிடித்த கதையைச் சாக்காக வைத்தாவது அவர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வருவோம். உங்கள் தோட்டத்தில் கூத்து மாஸ்டர் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள்.