டாக்டர் சொல்லுக்கு மதிப்புக் குறைந்தது ஏன்?

அமெரிக்காவில் டாக்டர்களையும் ஆஸ்பத்திரிகளையும் "மிகவும் நம்புகிறோம்" என்று சொன்னவர்கள், கொரோனா பரவிய 2020 ஏப்ரலில் 100-க்கு 71 பேர். 2024 ஜனவரியில் 40 பேர்தான்!

என்ன காரணம்?

2020 பிப்ரவரியில், "முகமூடி வாங்காதீர்கள்" என்றார் அந்த நாட்டுச் சர்க்காரின் தலைமை டாக்டர். ஏப்ரலில், "முகத்தை மூடிக்கொண்டு வெளியே போங்கள்" என்றது சர்க்கார். 2021 மே மாதம், "ஊசி போட்டவர்களுக்கு முகமூடி வேண்டாம்" என்றார்கள். ஜூலையில், "நோய் அதிகம் உள்ள ஊர்களில் அவர்களும் போடவேண்டும்" என்றார்கள்.

அது புது நோய். புது விவரம் தெரியத் தெரிய, யோசனையை மாற்றியது தவறு அல்ல. "இன்று தெரிந்தது இவ்வளவுதான், நாளை மாறலாம்" என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லவில்லை. அடித்துப் பேசிவிட்டுப் பிறகு மாற்றினார்கள். ஜனங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

குழந்தைகளுக்கு ஆபத்து

தடுப்பு ஊசி பற்றிய சந்தேகம் அங்கே சிலரிடம் முன்பே உண்டு. இப்போது அது வளர்ந்துவிட்டது. பள்ளியில் சேரும் பிள்ளைகளில் தட்டம்மை ஊசி போட்டவர்கள் 2019-20-ல் 100-க்கு 95 பேர். 2023-24-ல் அது 93-க்கும் கீழே இறங்கியது. 2025-ல் டெக்சாஸ் மாநிலத்தில் தட்டம்மை பரவியது. ஊசி போடாத 2 குழந்தைகள் இறந்துபோனார்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் டாக்டரைத்தான், அவர் தெரியும் என்று சொல்லும்போது ஜனங்கள் நம்புவார்கள்.