கிளீனர் இல்லாத லாரி

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு முதலிய லாரித் தொழில் செழித்த ஊர்களில், புதிதாக ஸ்டியரிங் பிடிக்கும் பையன் முதல் வருஷம் படாத பாடு பட்டுத்தான் தீரவேண்டும் என்னும் அபிப்பிராயம் ஏறக்குறைய சாஸ்திர வாக்கியத்தின் அந்தஸ்தோடு நிலைபெற்றிருக்கிறது. தூக்கம் போதவில்லை என்றாலும், படிக்காசு வந்து சேரவில்லை என்றாலும், மரியாதை இல்லை என்றாலும், 'ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டு கண்ணு, அப்புறம் எல்லாஞ் சரியாப் போயிரும்' என்ற ஒரே பதில்தான் லாரி ஆபீஸிலும் பட்டறையிலும் வீட்டிலும் அவனுக்குக் கிடைக்கிறது. அவ்வாறு சொல்லுகிறவர்கள் கல் நெஞ்சக்காரர்கள் அல்லர். அவர்களில் பலர் தாமே அப்படிப் பாடுபட்டு, கடன் வாங்கி ஒற்றை வண்டி எடுத்து, இன்று இரண்டு மூன்று வண்டிகளுக்கு உரிமையாளராக உயர்ந்தவர்கள்; அவர்களுடைய அனுபவத்தினிடத்தில் எனக்கு மெய்யான மதிப்பு உண்டு. ஆயினும், அவர்கள் அன்று பட்ட சிரமத்தையும் இன்றைய பையன் படும் சிரமத்தையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அக்காலத்தில் லாரித் தொழிலுக்கு வந்தவன் டிரைவராக வரவில்லை, கிளீனராக வந்தான். விடியுமுன் எழுந்து கண்ணாடி துடைத்து, இரும்புத் தடியால் டயர்களைத் தட்டி ஓசையைக் கொண்டே காற்றின் அளவை அறிந்து, லோடு ஏறியபின் தார்ப்பாய் விரித்துக் கயிறு இழுத்துக் கட்டி, வண்டியைப் பின்னால் எடுக்கையில் இறங்கி நின்று 'வரட்டும், வரட்டும்' என்று குரல் கொடுத்து, நிறுத்திய இடத்தில் அடுப்பு மூட்டிச் சோறு பொங்கி, நடுநிசியில் டிரைவரண்ணனின் கண் சொருகுகிறதா என்று பக்கத்தில் விழித்திருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டு வந்த அந்தப் பையன், ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்பே சாலையைக் கற்றுவிட்டிருந்தான். பின்னர் லைசென்ஸ் எடுத்து, காலியாகத் திரும்பும் நடையில், நேரான சாலையில், இடப்பக்கம் அண்ணன் அமர்ந்திருக்கத்தான் அவன் முதன்முதலாகக் கியர் போட்டான். அவன் வசவு வாங்கினான், சில சமயம் அடியும் வாங்கினான். அதை நான் ஒருபோதும் புகழமாட்டேன். ஆனால் அவன் தனியாக இருக்கவில்லை.

இன்று அந்த இடப்பக்கத்து இருக்கை அநேகமாகக் காலியாகக் கிடக்கிறது. டீசல், சுங்கக் கட்டணம், டயர், இன்ஷூரன்ஸ் யாவும் ஏறிய வேகத்தில் வாடகை ஏறவில்லையாதலால், முதலாளி குறைத்த முதற்செலவு கிளீனரே. சட்டமோ 20 வயது நிறைந்து, இலகுரக வாகன லைசென்ஸை ஒரு வருஷம் கையில் வைத்திருந்தவனுக்குக் கனரக வண்டி பழகும் வாசலைத் திறந்துவிடுகிறது. அந்த ஒரு வருஷத்தில் அவன் காரை எவ்வளவு தூரம் ஓட்டினான், ஓட்டினானா என்றே கேட்பவர் இல்லை. 2018-இல் மத்திய அரசு பளுவரம்பை உயர்த்திய பிறகு பத்துச் சக்கர லாரி சரக்கோடு சேர்த்து 28.5 டன் எடையுடன் செல்லலாம். அத்தனை பாரத்தையும் ஓர் இளைஞன் கையில் ஒப்படைத்து, பக்கத்தில் ஒருவரையும் அமர்த்தாமல், 'சகித்துக்கொள்' என்பது என்ன உபதேசம்?

தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கித் தேசிய நெடுஞ்சாலை 44-இல் இறங்குகிற தொப்பூர்க் கணவாயை எண்ணிப் பாருங்கள். அனுபவசாலி, சரிவு தொடங்குமுன்பே கியரைக் குறைத்து, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி செய்து, பிரேக்கை அவசியத்துக்கு மாத்திரம் தொட்டுத் தொட்டு இறங்குவார். ஆனால் பல இடங்களில் டீசல் கணக்கு டிரைவரின் தலையில் விடிகிறது: இத்தனை லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று முதலாளி விதித்திருக்க, குறைந்தால் படியில் பிடித்தமாகிறது. ஆகவே யாரோ ஒருவர், 'நியூட்ரல்ல விட்டா அதுவா உருண்டு போயிரும், டீசல் மிச்சம்' என்று பையனுக்குப் போனிலேயே வித்தை சொல்லிக் கொடுத்துவிடுகிறார். நியூட்ரலில் இன்ஜினின் பிடி அற்றுப்போகிறது. அத்தனை டன்னையும் பிரேக் டிரம் மட்டுமே தாங்க, இடைவிடாத உராய்வில் சூடேறி லைனிங் தன் பற்றை இழக்கிறது. இன்ஜினையும் அணைத்துவிட்டாலோ கம்ப்ரஸர் நின்று, ஏர் பிரேக்கின் உயிரான காற்று ஒவ்வொரு மிதிக்கும் குறைந்துகொண்டே போகும். கணவாயிலுள்ள இரட்டைப் பாலத்தருகே முன்னால் செல்லும் கார்களைக் கண்டு அவன் மிதிக்கும்போது மிதிப்பதற்குப் பயன் இருப்பதில்லை. மறுநாள் பத்திரிகைகள் பிரேக் பிடிக்காத லாரி என்று எழுதுகின்றன. பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து ஒரே ஒரு நடையில் கற்பித்திருக்கக்கூடிய பாடம், கற்பிப்பாரின்றி, காரில் போன ஒரு குடும்பத்தையே பலி வாங்கிவிடுகிறது.

தூக்கத்தின் கதையும் இதைப் போன்றதே. 1961-இல் இயற்றப்பட்ட மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்றும், நெடுந்தூர வழியில் 10 மணி, 54 மணி வரை போகலாம் என்றும், 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்றும் தெளிவாகவே வகுத்தது. ஆனால் ஐந்து தொழிலாளருக்குக் குறையாத நிறுவனங்களுக்கே அது பொருந்துமென்று எழுதிவிட்டபடியால், ஒரு வண்டி, இரண்டு வண்டி முதலாளிகளிடம் தொழில் தொடங்கும் பையனை அது எட்டவே இல்லை. பழகப் பழகக் கியர் கைக்கு வரும், கயிற்று முடிச்சு விரலுக்கு வரும்; தூக்கமின்மை மாத்திரம் எத்தனை வருஷம் பழகினாலும் எவருக்கும் வசப்படுவதில்லை. முப்பது வருஷ அனுபவஸ்தரையும் விடியற்காலை மூன்று மணி ஏமாற்றிவிடுகிறது.

தொழிலோடு பிறந்த கஷ்டங்கள் உண்டு. அவற்றை மறுக்க நான் வரவில்லை. பாஷை புரியாத ஊரில் லோடு இறக்க இரண்டு நாள் காத்துக் கிடப்பது, மழையில் ஜாக்கி போட்டு டயர் மாற்றுவது, ஊரில் மாரியம்மன் பண்டிகை நடக்கையில் மகாராஷ்டிரத்தில் நிற்பது, இவற்றைப் பொறுக்க இயலாதவன் வேறு ஜீவனம் தேடிக்கொள்வது அவனுக்கே நல்லது. ஆனால் தான் ஏற்றாத சரக்கின் சேதத்துக்குச் சம்பளத்தில் பிடித்தமும், மாதக்கணக்கில் தீராத நடைக் கணக்கும் அவனுக்கு எதைக் கற்பிக்கின்றன? டிரைவர் கிடைப்பதில்லை என்று இன்று லாரி ஆபீஸ்தோறும் கேட்கும் புலம்பலுக்கு இவையே பெருங்காரணம் என்பது என் கருத்து. தம் பிள்ளையை இத்தொழிலுக்கு விட அஞ்சுகிறவர்கள் ஊரார் பிள்ளையை மட்டும் சகிக்கச் சொல்லலாகாது. ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் என்பதை ஆடம்பரமாக நினைத்திருந்தோம்; 2023-இல் மத்திய அரசு, 2025 முதல் புதிய கனரக லாரிகளுக்கு அது கட்டாயம் என்று விதி செய்தது. இன்ஜின் சூட்டில் வேகுவது தொழிலின் இயல்பு என்று அத்தனை காலம் சொல்லிவந்தது ஓர் அறிவிக்கையில் பொய்த்துப் போயிற்று.

நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே பயின்று வருவது நல்ல தொடக்கம். அதற்கு மேலும், முதல் ஆறு மாதம் இடப்பக்கம் ஒருவர் அமர்ந்தே தீரவேண்டும். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இரவில் பார்வை மங்கி, முழங்கால் கிளட்சுக்கு இணங்காமல் டீக்கடை பெஞ்சில் பொழுதைக் கழிக்கும் பழைய டிரைவர்கள் இந்த ஊர்களில் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஒரு படி கொடுத்து வண்டியில் ஏற்றும் ஏற்பாட்டை உரிமையாளர் சங்கங்கள் மேற்கொண்டால், ஒரு முதலாளியின் தலையில் முழுச் செலவும் விழாது. அது நடக்கும்வரை, பிள்ளையை வண்டிக்கு அனுப்பும் தாய் தந்தையர் சம்பளம் பேசுமுன் முதலாளியிடம், 'பையன் முதல் தடவை தொப்பூர் இறங்கும்போது பக்கத்துல யாருங்க இருப்பாங்க?' என்று கேட்கட்டும். பதில் வராவிட்டால் வேறு வண்டி பார்க்கட்டும். ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில், அவர்களுக்கு வேறு வண்டி கிடைக்கும்.