தொண்ணூற்றொன்று செய்த உபகாரம்

தோணிரேவில் ஏரிக்கரையிலே நண்டைக் கூறு வைப்பதைப் பார்த்தவர்களுக்குப் பகா எண் இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு நண்டுகளை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்று எப்படி வேண்டுமானாலும் சமக் கூறாக வைக்கலாம். பதின்மூன்று வந்துவிட்டாலோ சங்கடந்தான். ஒரே குவியலாக வைக்கலாம், அல்லது ஒவ்வொன்றாக வைக்கலாம், வேறு வழியில்லை. இவ்விதம் பங்கீட்டுக்கு இணங்காத எண்ணே பகா எண்.

அண்மையில் வகுப்பில் நாம் பகா எண்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிக்கொண்டு போனோம். 89-க்குப் பிறகு 91 என்று எழுதிவிட்டோம். கடைசிப் பெஞ்சியிலிருந்து மீன் பிடிப்போர் வீட்டுச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். "ஸார், ஏழு கூறு வைத்தால் கூறுக்குப் பதின்மூன்று வருமே!" என்றாள். வகுப்பு நிசப்தமாயிற்று. உபாத்தியாயரின் கௌரவம் ஒரு பக்கம். ஏழு பதின்மூன்று மறு பக்கம். கௌரவம் தோற்றது. தோற்றதே நியாயம்.

நமக்கு ஆறுதலாக ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் மெர்சேன் என்னும் பிரெஞ்சுத் துறவி. இரண்டுகளையே பெருக்கிக்கொண்டு போய் ஒன்றைக் கழித்தால் வரும் எண்களை அவர் ஆராய்ந்தார். ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 31. ஏழு இரண்டுகளுக்கு 127. இரண்டும் பகா எண்களே. ஆனால் பதினோரு இரண்டுகளுக்கு வரும் 2047, 23-ஐ 89-ஆல் பெருக்கிய எண்! அறுபத்தேழு இரண்டுகள் பகா எண்ணையே தரும் என்று 1644-இல் மெர்சேன் எழுதி வைத்தார். 1876-இல் லூக்காஸ் என்னும் பிரெஞ்சுக்காரர் அது தவறென்று நிரூபித்தார். விந்தை யாதெனில், அது வகுபடும் என்று கண்டாரேயன்றி, எதனால் வகுபடும் என்று அவர் காணவில்லை. 1903-இல் அமெரிக்கரான கோல் என்பவரே அந்தக் கூறுகளைக் காட்டினார்: 19,37,07,721 ஒன்று, 7,61,83,82,57,287 மற்றொன்று. பெருக்கிப் பார்க்க ஒரு மாலை போதும். கண்டுபிடிக்கவோ இரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

லூக்காஸ் அதே 1876-இல், 127 இரண்டுகள் தரும் 39 இலக்க எண் பகா எண்ணே என்று கையால் கணக்கிட்டு நிறுவினார். அதைவிடப் பெரிய பகா எண் 1951 வரையில் அகப்படவில்லை.

அவர் வழி அத்தகைய எண்களுக்கு மட்டுமே உரியது. எந்த எண்ணைக் கொடுத்தாலும், இலக்கங்கள் பெருகுவதால் வேலை கட்டுமீறிப் போகாமல், ஊகத்துக்கு இடமின்றிப் பகா எண்தானா என்று சொல்ல வழியுண்டா? உலகத்து நிபுணர்கள் திணறிய இக்கேள்விக்கு 2002 ஆகஸ்டில் விடை வந்த இடம் நமது கான்பூர். இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அவரிடம் படித்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்னும் இளைஞர்களும் அதைத் தந்தார்கள். மாணவர் பெயர் ஆசிரியர் பெயருக்குச் சமமாய் நின்றது நமக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி.

2024-இல் வெளியான பகா எண்ணில் 4,10,24,320 இலக்கங்கள் இருக்கின்றன. அதுவும் மெர்சேன் வகையே. லூக்காஸ் காட்டிய வழியிலேயே யந்திரங்கள் அதைச் சோதித்தன. இதனால் என்ன லாபம் என்பீர்கள். இத்தனை பெரிதல்லாவிட்டாலும், சில நூறு இலக்கப் பகா எண்களே மீன் விற்ற பணம் கைப்பேசியில் பத்திரமாக வந்து சேரக் காவல் புரிகின்றன. அங்கே 91-ஐப் போல ஒன்று நுழைந்தால் பூட்டு பூட்டாக இராது.

ஆகவே தோற்றத்தை நம்பலாகாது. துறவி சொன்னாலும், ஸார் சொன்னாலும் வகுத்துப் பார்க்கவேண்டும். இன்றிரவு உங்கள் வீட்டுக் குழந்தைகளிடம் 221-ஐக் கொடுத்துப் பாருங்கள். விடையை நாம் சொல்லப்போவதில்லை. கூறு வைக்கத் தெரிந்தவர்கள் கண்டுகொள்வார்கள்.