தோற்பவரின் நாற்காலி

2025 ஏப்ரலில் அயர்லாந்தின் கார்லோ நகரில் நடைபெற்ற உலக பில்லியர்ட்ஸ் போட்டியின் இறுதி ஆட்டத்தில் மோதிய இருவருமே இந்தியர்கள். கோல்கத்தாவின் சௌரவ் கோத்தாரி, பெங்களூரின் பங்கஜ் அத்வானியை 725-480 என்ற புள்ளிக் கணக்கில் வீழ்த்திப் பட்டம் வென்றார். கிரிக்கெட் ஆரவாரத்துக்கு நடுவே இந்தச் செய்தி பலரது கண்ணில் பட்டிருக்க வாய்ப்பில்லை. பட்டிருந்தாலும் அதன் முன்கதை நினைவுக்கு வந்திருக்காது. 2022-இல் கோலாலம்பூரில் இதே அத்வானியிடம் இறுதி ஆட்டத்தில் 0-4 எனத் தோற்றவர் கோத்தாரி. அடுத்த ஆண்டு தோஹாவில் மீண்டும் இறுதி ஆட்டம், மீண்டும் அதே எதிராளி. இம்முறை 416-1000 என்ற கணக்கில் தோல்வி. 1990-இல் உலகப் பட்டம் வென்ற மனோஜ் கோத்தாரியின் மகன் என்பதால் எழும் எதிர்பார்ப்பு வேறு. இத்தனைக்குப் பிறகும் மேசைக்குத் திரும்பி அதே மனிதரை வென்றிருக்கிறார் என்றால், அவரது கைத்திறனைவிட மனத்திண்மையைத்தான் முதலில் பாராட்ட வேண்டும்.

பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர், பூல் ஆகிய மூன்று ஆட்டங்களுக்கும் பொதுவான கொடுமை ஒன்று உண்டு. டென்னிஸில் எதிராளி அடித்த பந்தைத் திருப்பி அடிக்கலாம். குத்துச்சண்டையில் வாங்கிய அடியைத் திருப்பித் தரலாம். இந்த ஆட்டங்களிலோ எதிராளி தவறு செய்யும்வரை நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவர் குறிவைத்த குழியில் விழாத பந்து, மேசையின் விளிம்பில் மோதித் தற்செயலாக வேறொரு குழியில் விழுந்தாலும் ஸ்நூக்கரில் அது கணக்கில் சேரும். பொங்கிவரும் எரிச்சலை ஓடியோ, வேகமாக அடித்தோ தணித்துக்கொள்ளவும் முடியாது. அடுத்த நிமிடமே எழுந்து சென்று, நடுங்காத கையால் வெள்ளைப் பந்தை இம்மி பிசகாமல் தட்டியாக வேண்டும். சினம் எதிராளியைச் சுடுவதற்கு முன்பு, அதை வைத்திருப்பவரின் கையைத்தான் ஆட்டம் காணச் செய்கிறது.

இந்த ஆட்டங்களின் பெருமையும் இங்கேதான் இருக்கிறது. சட்டையின் கைப்பகுதி பந்தை உரசிவிட்டது நடுவரின் கண்ணுக்குத் தப்பியிருந்தாலும், ஆடியவரே கையை உயர்த்தி ஃபவுல் என்று ஒப்புக்கொள்வது ஸ்நூக்கரில் எழுதப்படாத மரபு. பேட்டில் பந்து உரசியது தெரிந்தும் நடுவரின் விரலுக்காகக் காத்து நிற்கும் கிரிக்கெட் வீரர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாகக்கூட இருக்கலாம்!

எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்வதற்கில்லை. குறிபார்ப்பவரின் பார்வைக் கோட்டில் வந்து நிற்பது, அவர் குனியும் நேரம் பார்த்து இருமுவது, தேவையில்லாமல் நேரத்தை இழுத்தடிப்பது எனப் பூல் ஆட்டத்தில் கவனத்தைக் குலைக்கும் தந்திரங்கள் ஏராளம். விதிகளை வகுத்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். முடிவை நிர்ணயிக்கும் கடைசிக் கட்டத்தில் எதிராளி ஆடிக்கொண்டிருக்கும்போது தனது கியூ கோலைக் கழற்றத் தொடங்கினால், அவர் தோல்வியை ஒப்புக்கொண்டதாகவே கருதப்படும் என்று உலகப் பூல் விதிமுறைகள் சொல்கின்றன. சலித்துக்கொள்வதுபோல் நடித்து எதிராளியைச் சீண்டுவோருக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை இருக்க முடியாது.

மேதைகளும் இந்த நாற்காலியில் தடுமாறியிருக்கிறார்கள். 2006 டிசம்பரில் இங்கிலாந்தின் யார்க் நகரில், 17 பிரேம்கள் கொண்ட ஆட்டத்தில் ஸ்டீபன் ஹென்ட்ரியிடம் 1-4 எனப் பின்தங்கியிருந்த ரோனி ஓ'சல்லிவன், ஆறாவது பிரேமின் நடுவே கை குலுக்கிவிட்டு அரங்கைவிட்டு வெளியேறினார். பிறகு மன்னிப்புக் கேட்டார் என்றாலும் 20,800 பவுண்டு அபராதத்தில் இருந்து தப்ப முடியவில்லை. ரசிகர்களின் செல்லப்பிள்ளை என்பதற்காக அமைப்பு அவரைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இதற்கு நேர்மாறானது பிலிப்பின்ஸ் வீரர் பிரான்சிஸ்கோ புஸ்டமான்டேயின் கதை. 2002-இல் கார்டிஃபில் நடந்த உலக ஒன்பது பந்து பூல் போட்டியின்போது, ஊரில் இருந்த அவரது பெண் குழந்தை இறந்துவிட்ட செய்தி வந்தது. அந்தத் துயரத்துடனேயே இறுதி ஆட்டம் வரை வந்தவர், அமெரிக்காவின் ஏர்ல் ஸ்டிரிக்லாண்டிடம் 15-17 எனத் தோற்றார். ஸ்டிரிக்லாண்ட் திறமைக்குப் பெயர் பெற்ற அளவுக்குக் கோபத்துக்கும் பெயர் பெற்றவர். புஸ்டமான்டே உலகப் பட்டத்தை வெல்ல 2010 வரை, எட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்தியாவுக்கு வருவோம். 1875-இல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளிடையே பிறந்ததாகக் கூறப்படும் ஸ்நூக்கருக்கு உதகமண்டலம் கிளப்பிலும் பங்குண்டு. 1958-இல் கோல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் பில்லியர்ட்ஸ் உலகப் பட்டம் வென்றபோது, தனிநபர் விளையாட்டு ஒன்றில் உலக சாம்பியனான முதல் இந்தியர் என்ற பெருமையும் அவரைச் சேர்ந்தது. மைக்கேல் ஃபெரைரா, கீத் சேத்தி, அத்வானி என அந்தப் பட்டியல் நீண்டது. 2025 நவம்பரில் தோஹாவில் ஹாங்காங்கின் இங் ஆன் யீயை 3-2 என வென்று மகளிர் உலக ஸ்நூக்கர் பட்டம் பெற்ற சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் வரை அது தொடர்கிறது. இத்தனைக்குப் பிறகும், இந்த வீரர்கள் மேசைக்கு அருகில் காட்டும் பொறுமையைவிட அதிகமான பொறுமையை மேசைக்கு வெளியே காட்ட வேண்டியிருக்கிறது என்பதுதான் வேதனை.

1981-இல் பத்மஸ்ரீ விருதை ஏற்க மறுத்தார் ஃபெரைரா. சுநீல் கவாஸ்கருக்குப் பத்மபூஷண் என்றால் உலக சாம்பியனான தனக்கு ஏன் இல்லை என்பது அவரது கேள்வி. கர்வம் என்று அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால், 1983-இல் அதே பத்மபூஷண் அவருக்கு அளிக்கப்பட்டது. எதிராளியிடமோ நடுவரிடமோ காட்டக்கூடாத கோபத்தை, காட்ட வேண்டிய இடத்தில், காரணத்தோடு காட்டினார் அவர். விளையாட்டு வீரருக்குரிய பண்பு என்பது அநீதியைச் சகித்துக்கொள்வது என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

1998 முதல் 2010 வரை ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இடம் பெற்றிருந்த இந்த ஆட்டங்கள், அதன் பிறகு வந்த மூன்று போட்டிகளிலும் இடம் பெறவில்லை. 2006, 2010 ஆகிய இரு முறையும் பில்லியர்ட்ஸில் தங்கம் வென்ற அத்வானிக்கு, மூன்றாவது வாய்ப்பு அடுத்தடுத்து மறுக்கப்பட்டது. ஒலிம்பிக் போட்டியிலோ இவற்றுக்கு இடமே இருந்ததில்லை. பதக்கப் பட்டியலைப் பார்த்தே நிதியையும் வேலைவாய்ப்பையும் அளக்கும் நிர்வாகத்தின் கீழ், கார்லோவில் வென்றாலும் தோஹாவில் வென்றாலும் ஒரு வாழ்த்துச் செய்தியோடு கடமை முடிந்துவிடுகிறது.

இதன் விளைவை நகரங்களின் பூல் பார்லர்களில் பார்க்கலாம். கிளப் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பயிற்சியாளரும் ஒழுங்கும் மற்றவர்களுக்குக் கிடைப்பதில்லை. மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஆடும் இளைஞனுக்குப் பந்தைக் குழியில் தள்ளச் சொல்லித்தர யாராவது இருப்பார்கள். தோற்ற பிறகு கோலை மேசையில் ஓங்கி அடிக்கக்கூடாது என்று சொல்லித்தர யாரும் இருப்பதில்லை. பந்தயம் கட்டி ஆடும் இடங்களில் தோல்வியோடு பணமும் போகிறது, கோபம் இரட்டிப்பாகிறது. அடக்கம் என்பது பிறவிக்குணம், இருப்பவனுக்கு இருக்கும் என்று நினைப்பது சோம்பேறித்தனம். கியூ கோலைப் பிடிக்கும் விதம் எப்படிக் கற்பிக்கப்படுகிறதோ, அப்படியே நாற்காலியில் மூச்சை நிதானப்படுத்தி அமர்வதும் கற்பிக்கப்பட வேண்டியதுதான்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், விளையாட்டுச் சம்மேளனங்களில் நெறிமுறைக் குழுவும் வீரர்கள் குழுவும் அமைய வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால், வீரர் கோபப்பட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புவதற்கு மட்டுமே அந்தக் குழுக்கள் பயன்படுமானால், சட்டம் வந்தும் பயனில்லை. தேர்வில் நடந்த குளறுபடி, கடைசி நேரத்தில் மாற்றப்படும் ஆட்ட அட்டவணை, தாமதமாக வரும் பயணப்படி குறித்து வீரர் முறையிட்டால் குறிப்பிட்ட நாள்களுக்குள் பதில் கிடைக்க வேண்டும். நடத்தை விதிகளை மீறினால், நட்சத்திர வீரர் ஆனாலும் தண்டனையை அறிவித்துவிட வேண்டும். சப்-ஜூனியர், ஜூனியர் பிரிவுகளுக்கான தேசியப் போட்டிகளில், தோற்று வெளியே வரும் பிள்ளையிடம் பத்து நிமிடம் பேசுவதற்கு ஓர் உளவியல் ஆலோசகரை அமர்த்த இந்திய பில்லியர்ட்ஸ் மற்றும் ஸ்நூக்கர் சம்மேளனத்துக்குப் பெரும் செலவும் பிடிக்காது.