புது விடுதி, பழைய பாய்

வார இறுதி வந்துவிட்டால் போதும், பெங்களூர் ஏடுகள் ஒரு பட்டியலை நீட்டுகின்றன. இந்த வாரம் போய்ப் பார்க்க வேண்டிய புதிய உணவகங்கள், புதிய மதுக்கூடங்கள்! இந்திரா நகரில் ஒன்று, கோரமங்களாவில் இரண்டு, சர்ச் தெருவில் இன்னொன்று. இருக்கை எப்படி, விளக்கு எப்படி, அங்கேயே காய்ச்சித் தரும் பீர் எப்படி என்று எல்லாம் உண்டு அதிலே. படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. மறுக்கவில்லை நாம்.

தர்மபுரித் தோழருக்கும் அந்தப் பட்டியலுக்கும் என்ன ஒட்டு என்று கேட்பீர்கள். உண்டு, தோழர்களே! பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் அரூரிலும் மானாவாரி நிலம் கைவிட்டபோதெல்லாம் நம் பிள்ளைகள் ஏறியது பெங்களூர் பஸ்ஸில்தான். கட்டட வேலைக்குச் சிலர், ஓட்டல் வேலைக்குச் சிலர். அந்த மாளிகைக்குக் கல் சுமந்தவனும் நம்மவன். அதே மாளிகையில் இன்று தட்டுக் கழுவுகிறவனும் நம்மவன். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 68.54 சதவீதம் என்று மாநிலத்திலேயே கடைசியில் நின்ற மாவட்டம், வேறு எந்த வேலைக்கு ஆள் அனுப்பும்?

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. நம் வீட்டில் களியாகக் கிண்டிய கேழ்வரகு, ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகு, அங்கே பீங்கான் கிண்ணத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. விலையைக் கேட்டால் நம் பாட்டிமார் மயங்கி விழுவார்கள். கேழ்வரகுக்கு வந்த மரியாதை, அதை விளைவித்தவன் மகனுக்கு வரவில்லை.

குடி நல்லதா கெட்டதா என்ற வழக்கை இன்று நாம் எடுக்கவில்லை. 1937-இல் மதுவிலக்கை முதன்முதல் கண்ட அன்றைய சேலம் மாவட்டத்தின் பகுதி இந்த மண். அந்த வழக்கு நமக்குப் புதிதல்ல. இன்று நாம் கேட்பது வேறு. கடைசி வாடிக்கையாளர் எழுந்து காரேறிய பிறகு, உள்ளே இருப்பவன் எங்கே போகிறான்?

பெங்களூரில் மதுக்கூடங்கள் இரவு ஒரு மணிவரை திறந்திருக்கலாம் என்று 2024-இல் கர்நாடக அரசு ஆணையிட்டது. மகிழ்ந்தார்கள் முதலாளிகள். மெட்ரோ ரயிலோ பதினொன்றை ஒட்டி ஓய்ந்துவிடும். ஒரு மணிக்குக் கடையை மூடி, மேசை துடைத்து, பாத்திரம் கழுவி, கணக்கு ஒப்படைத்தால் மணி இரண்டுக்கு மேல். போக வண்டி இல்லை. வண்டி கிடைத்தாலும் போக அறை இல்லை. விரிகிறது பாய், மேசைகளுக்கு நடுவே, சரக்கு அறையிலே, சிலிண்டருக்குப் பக்கத்திலே!

மிகையல்ல இது. 2017 டிசம்பர் 29 அன்று மும்பை கமலா மில்ஸ் வளாகத்தின் மேல்மாடி விடுதியில் தீப்பற்றி 14 பேர் மாண்டார்கள். விருந்துண்ண வந்தவர்கள் பலர். நாடே பதறியது; பதற வேண்டியதுதான். சரியாகப் பத்தே நாள் கழித்து, 2018 ஜனவரி 8 அதிகாலையில், பெங்களூர் கலாசிபாளையத்தில் கும்பார சங்கக் கட்டடத்து மதுக்கூடத்தில் தீ. கடைக்குள் படுத்துறங்கிய தொழிலாளர் 5 பேர் மாண்டனர். மும்பைத் தீயைச் சொன்னால் நினைவு வருகிறது பலருக்கு. கலாசிபாளையத்தைச் சொன்னால்? அங்கே செத்தவர்கள் பில் கட்ட வந்தவர்கள் அல்லவே!

2025 டிசம்பரில் கோவாவின் அர்ப்போராவில் ஓர் இரவு விடுதி எரிந்தது. 25 பேர் பலி. அவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை செய்தவர்கள். ஆட்டம் நடந்த கூடத்திலே அல்ல, கீழே அடுக்களைப் பக்கம் சிக்கிக்கொண்டவர்கள் அதிகம்.

"சாப்பாடும் தங்க இடமும் இனாமாகத் தருகிறோமே" என்பார் முதலாளி. இனாமா? காவல்காரனுக்குத் தரவேண்டிய சம்பளம் மிச்சமாவது எந்தக் கணக்கிலே? பில்லோடு சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்ற வழக்கிலும் இப்படித்தான், அந்தப் பணம் தொழிலாளர் நலனுக்கு என்று வாதாடினார்கள் விடுதிக்காரர்கள். 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தொழிலாளர் நலன் என்றால் சம்பளத்தில் கூட்டுவதுதானே? யார் தடுத்தார்கள்?

சட்டம் இல்லாமல் இல்லை. இங்கே, சென்னை மாநிலம் என்ற பெயர் இருந்தபோதே, 1958-இல் உணவு நிறுவனங்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. கர்நாடகத்தில் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு உண்டு. அந்த ஒன்பதைப் பத்தாக்கலாமா என்று 2025-இல் அங்கே யோசனை கிளம்பியதும், தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றதும் நாம் கண்டதே. மத்திய அரசின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. தரகர் இன்றித் தானாகவே வெளிமாநிலம் போனவனையும் புலம்பெயர்ந்த தொழிலாளி என்று ஏற்றார்கள், நல்லதுதான். ஆனால் பழைய 1979 சட்டத்தில் ஐந்து பேர் என்றிருந்த எல்லையைப் பத்தாக உயர்த்திவிட்டார்கள். வெளிமாநிலத்து ஆள் ஆறேழு பேரோடு நடக்கும் சந்துக் கடை கணக்கிலே வராது. நம் பிள்ளைகள் எத்தனை பேர் அப்படிப்பட்ட கடைகளில் இருக்கிறார்கள் என்று மாவட்டத்தில் யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா?

எண்ணலாம். பொங்கலுக்கு ஊர் திரும்புவார்கள். கிளைத் தோழர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போகட்டும். கடை எந்தத் தெருவில், கூட எத்தனை பேர், சம்பளம் கையிலா வங்கியிலா என்று எழுதிக்கொள்ளட்டும். இரவில் எங்கே படுக்கிறாய் தம்பி, அந்த இடத்துக்கு வாசல் எத்தனை, வெளியே பூட்டுகிறார்களா, பூட்டினால் சாவி யாரிடம் என்பதையும் மறவாமல் கேட்கட்டும்.